சிறுகதை படித்துப் பேசினால் ஆங்கிலம் வருமா?

மதுரைச் செல்வி:
எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் ஓர் ஆங்கிலச் சிறுகதையைப் படித்து, அதைப் பற்றி ஆங்கிலத்திலேயே பேசும் குழு தொடங்கப் போகிறோம். கல்லூரி முடித்து வேலை தேடும் பிள்ளைகளுக்காக. பலன் இருக்குமா?

கணேஷ்:
இருக்காது அக்கா. அவர்களுக்கு வேண்டியது இன்டர்வியூ, மெயில், போன் பேச்சு. ஓ. ஹென்றியின் 'தி கிஃப்ட் ஆஃப் த மேஜை' (The Gift of the Magi) கதை 1905இல் வந்தது. அதில் வரும் பல சொற்களை இன்று எந்த ஆபீஸிலும் பேசுவதில்லை. பள்ளியில் நான்-டீட்டெயில் என்று எத்தனை கதை படித்தோம், வாய் திறந்ததா?

டீச்சர் மல்லிகா:
நான்-டீட்டெயிலை எங்கே படித்தோம்? கைடில் இருந்த பாராவை மனப்பாடம் செய்தோம். அந்தப் பழியைக் கதை மேல் போடாதீர்கள் தம்பி.

ஓ. ஹென்றி கடினம்தான். ஹெமிங்வேயின் 'கேட் இன் த ரெய்ன்' எடுங்கள். 1925இல் தொகுப்பில் வந்த குட்டிக் கதை; சின்னச் சின்ன வாக்கியங்கள். இத்தாலியில் ஒரு ஹோட்டல், அமெரிக்கத் தம்பதி. வெளியே மழையில் மேசைக்கு அடியில் ஒடுங்கிய பூனையை மனைவி ஜன்னல் வழியே பார்க்கிறாள். எடுத்துவரப் போனால் காணோம். கடைசியில் பணிப்பெண் ஒரு பெரிய பூனையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். அதே பூனையா? கதை சொல்லவில்லை. இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். 'ஐ திங்க்', 'பிகாஸ்' தானாக வரும். கருத்தும் காரணமும் சொல்வதைத்தானே இன்டர்வியூவிலும் கேட்கிறார்கள்?

கணேஷ்:
சரி, பேசுகிறார்கள். தப்பைத் திருத்துவது யார்? 'ஷி டிட் நாட் வாண்டட்' என்று எல்லோரும் பேசினால் அதுவே நாக்கில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம், தைரியமான இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

இர்ஃபான்:
இரண்டாவது பயம் நியாயமானது. முதலில் இரண்டிரண்டு பேராகப் பேசவிட்டு, பிறகு பொதுவில் பேச வைக்கலாம். தப்புக்குக் கதையே கையில் இருக்கிறதே! அந்த மனைவி 'ஐ வாண்ட்' என்று அடுக்கிக்கொண்டே போவாள்: பூனை, மெழுகுவத்தி, புது உடை. ஒருவர் அதை 'ஷி வாண்டட்' என்று மாற்றிச் சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவர் சரிபார்க்கட்டும்.

கணேஷ்:
இலக்கணம் தெரிந்த ஒருவர் கூடவே உட்கார வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கதை முடிந்ததும், பூனையை அனுப்பிவைத்த அந்த ஹோட்டல்காரருக்கு நன்றி சொல்லி ஒரு மெயில் எழுதச் சொல்லுங்கள்.

மதுரைச் செல்வி:
மெயில் யோசனை நன்றாக இருக்கிறது தம்பி. மல்லிகா டீச்சர், முதல் வாரம் நீங்கள் வர முடியுமா?