புதுப்பிப்பு: நூதனசாலைக்கு முதலில் ஆசிரியர்கள் போனோம்

கொழும்பு தேசிய நூதனசாலையைக் கொண்டு குடியியற் கல்வி கற்பிக்க ஆசிரியர்கள் எப்படித் தயாராவது என்று முன்பு கேட்டிருந்தேன். "பிள்ளைகளுக்கு முன் நீங்கள் போய்ப் பாருங்கள்" என்றீர்கள். தமிழ்மொழிமூல ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து போய்வந்தோம். அருமையான யோசனை, நன்றி!

1877இல் திறக்கப்பட்ட அந்த நூதனசாலையில் எங்களை நெடுநேரம் நிறுத்தி வைத்தது காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் இந்தக் கல், சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் பயணங்களோடு வந்தது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் எனக் காணிக்கைகளைச் சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரக் கோயில் தெய்வமான தெனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் சொல்கிறது. முழுப் பாடமும் இதிலேயே இருக்கிறது.

விளக்கம் சொல்லாமல், "யார் வாசிப்பதற்காக மூன்று மொழிகள்?" என்று மட்டும் கேட்கப் போகிறோம். பிறகு பிள்ளைகள் தங்கள் வீதியின் அறிவிப்புப் பலகைகளைப் பார்த்து எழுதி வருவார்கள். இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியதை அதன் பின்னரே வகுப்பில் பேசுவோம்.

வினாத்தாள் தயார். அடுத்த தவணையில் தரம் 9 பிள்ளைகளை அழைத்துப் போகிறோம். தேவைப்படும் ஆசிரியர்கள் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.