ஐந்து லிட்டர் கேன் நான்கு கிலோதான்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலை

அண்ணன் (கியூர்பிப், மொரீசியஸ்), 6:12
அனைவருக்கும் வணக்கம். கைப்பேசிகளின் மின்சுற்றுப் பலகைகளைத் துடைப்பதற்காக ஐந்து லிட்டர் எத்தனால் வாங்கினேன். அதே அளவுள்ள பழைய காலிக் கேனின் எடையைக் கழித்துப் பார்த்தால், 4.04 கிலோதான் நிற்கிறது. கடைக்காரர் ஏறக்குறைய ஒரு லிட்டரைக் குறைத்துவிட்டாரோ?

தங்கை (போர்ட் லூயி), 6:20
அண்ணா, லிட்டரும் கிலோவும் ஒத்துப்போவது தண்ணீருக்குத்தான். எத்தனாலின் அடர்த்தி 20 பாகை செல்சியஸில் மில்லிலிட்டருக்கு 0.789 கிராம், ஐந்து லிட்டருக்கு 3.945 கிலோதான் வரவேண்டும். உங்களிடம் 95 கிராம் கூடுதலாக இருப்பதால், தண்ணீர் கலந்திருப்பார்கள் என்றே நான் சந்தேகிக்கிறேன்.

அத்தை, 6:24
பேத்தியின் பாடநூலில் 789 என்றல்லவா போட்டிருக்கிறது?

தங்கை, 6:26
அது கனமீட்டருக்குக் கிலோகிராம், அத்தை. ஒரு கனமீட்டரில் ஆயிரம் லிட்டர் இருப்பதால், 0.789-ஐ ஆயிரத்தால் பெருக்கியிருக்கிறார்கள்.

மாமா, 6:41
கேனின் ஒட்டுச்சீட்டில் எத்தனை விழுக்காடு என்று எழுதியிருக்கிறது?

அண்ணன், 6:43
கொள்ளளவில் 96 விழுக்காடு, மாமா.

மாமா, 6:55
அப்படியானால் கடைக்காரர்மேல் குற்றமில்லை. கரும்புப் பாகுக்கழிவைப் புளிக்கவைத்துச் சாதாரணமாக வடிக்கும்போது, கடைசி நான்கைந்து விழுக்காட்டுத் தண்ணீர் எத்தனாலோடு சேர்ந்தே ஆவியாகிவிடும். எவ்வளவு வடித்தாலும் அது பிரியாது. வடிசாலை ஆய்வுக்கூடத்தில் இருந்த காலத்தில் நான் தினமும் பார்த்தது இது. 96 விழுக்காட்டுச் சரக்கின் அடர்த்தி 0.807, ஐந்தால் பெருக்கினால் 4.035 கிலோ. உன் தராசு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

தங்கை, 7:02
நான் இரண்டு அடர்த்திகளையும் 96-க்கு 4 என்று கலந்து கணக்கிட்டால் 0.797 தானே வருகிறது, மாமா?

மாமா, 7:10
அங்கேதான் பலரும் வழுக்குவார்கள். தண்ணீரும் எத்தனாலும் கலந்தால் கொள்ளளவு சுருங்கும்: ஐம்பது மில்லிலிட்டரோடு ஐம்பதைச் சேர்த்தால் நூறு வராது, 96 அல்லது 97 தான் வரும். எடை குறையாமல் இடம் குறைவதால் அடர்த்தி ஏறுகிறது. ஆகவே அட்டவணையைப் பார்க்காமல் சராசரி எடுக்கக்கூடாது. வெப்பநிலையையும் மறக்காதே. கியூர்பிப் குளிரில் அளந்ததைப் போர்ட் லூயி வெயிலில் அளந்தால் லிட்டர் கூடும், கிலோ கூடாது. தூய எத்தனாலே 30 பாகையில் 0.781 ஆகிவிடும். எங்கள் பழைய அமெரிக்கக் கையேட்டில் கேலனுக்கு 6.58 பவுண்டு என்றிருக்கும். அதுவும் இதே 0.789-ஐ, அந்த அலகுக்கு மாற்றும் எண்ணான 8.345-ஆல் பெருக்கியதுதான்.

ஒன்று கேட்கிறேன், எந்தத் தராசில் எடை போட்டாய்?

அண்ணன், 7:13
சமையலறைத் தராசில், மாமா. அடுப்புக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எத்தனால் தீப்பற்றுமே, இப்போதே கேனை வெளியே எடுத்துவிடுகிறேன்.