உதவி: இரண்டு ஃபைகான் டைரக்டர்களைக் கோத்த பின் பிரிட்டோரியா டிஸ்க்குக்கு மட்டும் பாதை திறக்கவில்லை

ஜோபர்க்வாசி:
அனைவருக்கும் வணக்கம். ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு நிதி நிறுவனத்தின் மெயின்ஃப்ரேம் அறையில் வேலை செய்கிறேன். திருச்சியிலிருந்து வந்தவன். இசட்/ஓஎஸ் (மெயின்ஃப்ரேமின் இயக்க அமைப்பு) பழக்கம் உண்டு. ஸ்விட்ச் பக்கம் புதியவன்.

இதுவரை ஒரே டைரக்டர் (ஃபைகான் என்ற ஃபைபர் இணைப்பு முறையில் மெயின்ஃப்ரேமையும் டிஸ்க்கையும் சேர்க்கும் பெரிய ஸ்விட்ச்) வழியாக இசட்14 மெயின்ஃப்ரேம் இயந்திரமும் டிஎஸ்8000 டிஸ்க்கும் பேசிக்கொண்டிருந்தன. இப்போது பிரிட்டோரியா மாற்று மையத்தில் இன்னொரு டைரக்டரை வைத்து, இரண்டையும் ஐஎஸ்எல் எனும் ஸ்விட்சுக்கு ஸ்விட்ச் இணைப்பால் கோத்திருக்கிறோம். இரண்டுமே ப்ரோகேட் எக்ஸ்6-8. ஃபைபர் வழியாக ஏறக்குறைய 70 கி.மீ. புதிய ஐஓடிஎஃப்பில் (இணைப்பு வரையறைக் கோப்பு) லிங்க் முகவரிகள் எல்லாவற்றையும் இரண்டு பைட்டாக (முதல் பைட் ஸ்விட்சின் டொமைன் எண், இரண்டாவது போர்ட் முகவரி) மாற்றிச் செயல்படுத்தினோம்.

இங்குள்ள டிஸ்க்குக்குப் பாதைகள் சரியாக இருக்கின்றன. பிரிட்டோரியா டிஸ்க்குக்கு ஒன்றுகூடத் திறக்கவில்லை. கன்சோலில் 'டி எம்=டெவ்' கொடுத்தால் 'பாத் ஆப்பரேஷனல்' வரிசை முழுக்க 'என்' (இல்லை) என்றுதான் வருகிறது. நிறுவிக் கொடுத்த ஒப்பந்தக்காரர்களை அழைத்தால், "ஐஎஸ்எல் பச்சையாக எரிகிறது, எங்கள் வேலை முடிந்தது" என்கிறார்கள். 25ஆம் தேதி ஊர் முழுவதும் சம்பளம் விழும் நாள். அதற்கு முன்பே மாற்றங்களுக்குத் தடை வந்துவிடும். யாராவது வழி சொல்லுங்கள்.

கேபிள்காரன்:
சோனிங்கை, அதாவது எந்தப் போர்ட் எதோடு பேசலாம் என்ற பட்டியலைப் பாருங்கள். ரூட்டிங்கை (எந்த ஐஎஸ்எல் வழியாகப் போவது என்ற தேர்வு) எக்ஸ்சேஞ்ச் அடிப்படைக்கு (ஒவ்வொரு தரவுப் பரிமாற்றத்துக்கும் தனித் தேர்வு) மாற்றுங்கள். போர்ட்டை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். எங்கள் லினக்ஸ் சர்வர்களில் பத்தில் ஒன்பது முறை இதிலேயே சரியாகிவிடும்.

சாட்ஸ்வொர்த் அக்கா:
தம்பி, ரூட்டிங்கில் இப்போது கை வைக்க வேண்டாம். ஃபைகானுக்கு வழக்கமாகப் போர்ட் அடிப்படை அல்லது டிவைஸ் அடிப்படை ரூட்டிங்தான். ஃப்ரேம்கள் (தரவுத் துண்டுகள்) வரிசை மாறாமல் போய்ச் சேர வேண்டும். எக்ஸ்சேஞ்ச் அடிப்படை என்பது இசட்13 முதல், அதுவும் இயந்திரம், ஸ்விட்ச், டிஸ்க் மூன்றும் ஆதரித்தால் மட்டும். பாதையே திறக்காத நேரத்தில் அதை மாற்றினால் ஒரு சிக்கல் இரண்டாகும்.

கேபிள்காரன் அவர்களே, கோபிக்க வேண்டாம். லினக்ஸ் சர்வரின் வழக்கம் வேறு. அது ஸ்விட்சின் பெயர்ப்பதிவேட்டைக் கேட்டு டிஸ்க்கின் முகவரியைத் தெரிந்துகொள்ளும். மெயின்ஃப்ரேம் சேனல் (மெயின்ஃப்ரேமின் வெளி இணைப்பு) யாரையும் கேட்காது. ஹெச்சிடியில் (ஐஓடிஎஃப்பை உருவாக்கும் கருவி) எழுதிய லிங்க் முகவரியை அப்படியே எடுத்துக்கொண்டு கதவைத் தட்டும். அங்கே வீடே இல்லையென்றால் ஸ்விட்ச் திருப்பி அனுப்பிவிடும். ஐஎஸ்எல் பச்சையாக எரிவது இதற்குச் சாட்சியாகாது.

ஜோபர்க்வாசி, மூன்று விவரம் வேண்டும். ஹெச்எம்சியில் (மெயின்ஃப்ரேம் நிர்வாகத் திரை) அந்தச் சேனல்களின் நிலை என்ன? 'இன்வாலிட் அட்டாச்மென்ட்' என்று காட்டினால் கதை வேறு: இரண்டு பைட் முகவரி இருந்தால், டொமைன் எண் மாறாமல் பூட்டப்பட்டிருக்கிறதா, எந்த ஸ்விட்ச் சேரலாம் என்ற எஸ்சிசி கொள்கை கண்டிப்பு நிலையில் இருக்கிறதா என்று சேனல் ஸ்விட்சிடம் விசாரிக்கும். பதில் திருப்தி இல்லையென்றால் சேனலே எழாது. அடுத்து, இரண்டு டைரக்டர்களின் டொமைன் எண்கள் என்ன? கடைசியாக, கன்சோலில் 'டெஸ்ட் லிங்க் அட்ரஸ்' (டெஸ்டினேஷன், அதாவது சேருமிட முகவரி) வரிசையில் இருப்பதை அப்படியே எழுதுங்கள்.

ஜோபர்க்வாசி:
நன்றி அக்கா. சேனல்கள் எல்லாம் ஆன்லைனில்தான் இருக்கின்றன. 'இன்வாலிட் அட்டாச்மென்ட்' இல்லை. டொமைன் பூட்டு இரண்டிலும் இருக்கிறது, எஸ்சிசியும் கண்டிப்பு நிலையில். டொமைன் எண் இங்கே 100, பிரிட்டோரியாவில் 65. டெஸ்ட் லிங்க் அட்ரஸ் உள்ளூர் டிஸ்க்குக்கு 6410, 6411. பிரிட்டோரியாவுக்கு 6504, 6505, 6516, 6517. எண் பொருந்துகிறதே என்று நினைத்தேன்.

சாட்ஸ்வொர்த் அக்கா:
பொருந்துவது போலத் தெரிவதுதான் தொல்லை. இங்கே டொமைன் 100 என்று இருக்க, லிங்க் முகவரி 64 என்று ஏன் தொடங்குகிறது? லிங்க் முகவரி ஹெக்ஸ் (பதினாறடிமான) எண். ப்ரோகேட் கட்டமைப்புத் திரையில் டொமைன் பதின்ம எண். ஹெக்ஸ் 64 என்றால் பதின்மத்தில் 100. முதல் டைரக்டரை அமைத்தவருக்கு இது தெரிந்திருக்கிறது. பிரிட்டோரியாவில் அமைத்தவர்கள் தாளில் இருந்த 65ஐப் பார்த்து 65 என்றே தட்டியிருக்கிறார்கள். பதின்மம் 65 ஹெக்ஸில் 41. அந்த டைரக்டரின் போர்ட்கள் இப்போது 4104, 4105 என்ற முகவரிகளில் உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் சேனல்கள் 65 என்ற டொமைனைத் தேடுகின்றன. அப்படி ஒன்று உங்கள் வலையமைப்பில் இல்லை.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி. ஐஓடிஎஃப்பில் 65ஐ 41 ஆக்கலாம், நான் செய்யமாட்டேன். முகவரிகள், ஸ்விட்ச் முகவரி, பிரிட்டோரியா இயந்திரத்தின் வரையறை என எல்லாவற்றையும் தொட வேண்டும். பிரிட்டோரியா டைரக்டரில் இன்னும் அன்றாடப் பணிப் போக்குவரத்து இல்லையென்றால் அதையே 101 ஆக்குங்கள். டைரக்டரை முடக்க வேண்டும் என்பதால் மாற்ற அனுமதி வாங்கிக்கொண்டு, முடக்கி, கட்டமைப்பில் டொமைனை 101 ஆக்கி, பூட்டு அப்படியே இருக்கிறதா என்று பார்த்து, மீண்டும் இயக்குங்கள். எஸ்சிசி பட்டியல் டபிள்யூடபிள்யூஎன்னை (ஸ்விட்சின் நிலையான அடையாள எண்) வைத்து இருப்பதால் அதைத் தொட வேண்டாம். சோனிங் 'டொமைன், போர்ட்' முறையில் இருந்தால் 65 என்று எழுதிய இடமெல்லாம் 101 ஆக வேண்டும். பலரும் மறக்கும் இடம் இது. பிறகு இசட்/ஓஎஸ்ஸில் பாதைகளை ஒவ்வொன்றாக 'வேரி பாத்' கொடுத்து ஆன்லைனுக்குக் கொண்டுவாருங்கள்.

ஸ்விட்ச் ஐடி என்று ஹெச்சிடியில் இன்னொரு புலம் இருக்கிறது. அது நாமே வைத்துக்கொள்ளும் அடையாளம் மட்டுமே. டொமைனோடு பொருந்த வேண்டியது ஸ்விட்ச் முகவரி. இரண்டையும் ஒன்றாகவே வைத்துக்கொண்டால் இரவு மூன்று மணிக்குக் குழப்பம் இராது. டைரக்டரைக் கண்காணிக்கும் கப் போர்ட்டின் முகவரி 65எஃப்ஈ என்று ஐஓடிஎஃப்பில் இருக்கும். அதுவும் இத்துடன் எழும்.

ஜோபர்க்வாசி:
101 ஆக்கினோம். சோனிங்கில் நீங்கள் சொன்ன இடம் உண்மையிலேயே இருந்தது. நான்கில் மூன்று பாதைகள் எழுந்துவிட்டன! 6516 மட்டும் இன்னும் 'என்'. கேபிள் சரியாக இருக்கிறது, லேசர் அளவும் சரி. கேபிள் தாளில் அது ஸ்லாட் 4, போர்ட் 6 என்று இருக்கிறது.

சாட்ஸ்வொர்த் அக்கா:
ஸ்லாட் 4, போர்ட் 6 என்பது பெட்டியில் அது இருக்கும் இடம். லிங்க் முகவரியின் கடைசி இரண்டு இலக்கம் போர்ட் முகவரி. ஸ்விட்ச்ஷோ கட்டளையின் முகவரி நிரலில் அந்த வரியைப் பாருங்கள். ஃபைகானுக்கான லாஜிக்கல் ஸ்விட்சில் (டைரக்டருக்குள் பிரித்து வைத்த ஸ்விட்ச்) 256 முகவரி வரம்பை வைத்து, பூஜ்யத்திலிருந்து தொடங்கும் முறையில் அமைத்திருந்தால், முகவரிகள் போர்ட்களைச் சேர்த்த வரிசையில் விழும். ஸ்லாட்டைப் பார்த்து ஊகிக்க முடியாது. தேவையான முகவரியைப் போர்ட்டோடு பிணைக்கும் கட்டளையும் உண்டு.

ஜோபர்க்வாசி:
ஆமாம், அங்கே 26 என்று காட்டியது. 16ஐ அந்தப் போர்ட்டோடு பிணைத்தேன். நான்காவது பாதையும் எழுந்தது. ஆனால் பேட்ச் (தொகுதி) வேலை உச்சத்தில் இருக்கும்போது பிரிட்டோரியா டிஸ்க்கின் பதில் நேரம் எதிர்பார்த்ததைவிட மிகவும் கூடுகிறது. தூரத்தால்தானா?

அம்பத்தூர் ஐயா:
இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். 70 கி.மீ. தூரத்துக்கு ஒளி போய்வர சுமார் 0.7 மில்லிநொடி; அதை யாரும் குறைக்க முடியாது. உச்ச நேரத்தில் மட்டும் கூடுகிறது என்றால் ஐஎஸ்எல்லின் பஃபர் கிரெடிட்டை (எதிர்முனையின் பதிலுக்குக் காத்திராமல் அனுப்பக்கூடிய ஃப்ரேம்களின் எண்ணிக்கை) சந்தேகப்படுங்கள். முழு அளவு ஃப்ரேமுக்குத் தோராயக் கணக்கு, கிலோமீட்டரை ஜிகாபிட் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுப்பது. 16 ஜிகாபிட் ஐஎஸ்எல் என்றால் 560. ஃபைகான் ஃப்ரேம்கள் பெரும்பாலும் முழு அளவில் இருப்பதில்லை. சராசரி பாதி அளவு என்றால் 1,120 தேவை. நிறுவியவர்கள் 560 வைத்துவிட்டுப் போயிருந்தால் வியப்பில்லை.

ஊகிக்க வேண்டாம். கப் போர்ட் எழுந்துவிட்டதால் ஆர்எம்எஃப்பின் (இசட்/ஓஎஸ் செயல்திறன் அளவீட்டுக் கருவி) ஃபைகான் டைரக்டர் அறிக்கை இப்போது வரும். அதில் சராசரி ஃப்ரேம் அளவும், கிரெடிட் இல்லாமல் ஃப்ரேம் காத்திருந்த நேரமும் இருக்கின்றன. காத்திருப்பு பூஜ்யத்துக்கு மேல் போனால் கிரெடிட்டைக் கூட்டுங்கள்.

ஜோபர்க்வாசி:
ஐயா, 560தான் வைத்திருக்கிறார்கள். அறிக்கையில் காத்திருப்பு நேரம் இரவு முழுக்கத் தெரிகிறது. சனிக்கிழமை இரவு கூட்டுவதற்கு அனுமதி கேட்டிருக்கிறேன். இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டுமா?

அம்பத்தூர் ஐயா:
இரண்டு முனையிலும் ஒரே தூர அமைப்பு இருக்க வேண்டும். அந்த ஐஎஸ்எல் மாற்றத்தின்போது கீழே விழுந்து எழும். இன்னொரு ஐஎஸ்எல் வழியாகப் போக்குவரத்து ஓடுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.