எஸ்-ஹலோக்சிபொப் எலி ஈரலில் ஆர் வடிவமாக மாறவில்லை, எங்கே பிழை?

கோணேசபுரி:
ஹலோக்சிபொப் களைநாசினிக்கு எஸ், ஆர் என்று ஒன்றுக்கொன்று கண்ணாடி விம்பமான இரு வடிவங்கள் உண்டு. அதன் எஸ் வடிவ அமிலத்தை எலி ஈரல் மைக்ரோசோமோடு (கலத்தை உடைத்துப் பிரிக்கும் மென்சவ்வுத் துணிக்கைகள்) கலந்து, என்ஏடிபிஎச் என்ற துணைநொதியம் சேர்த்து 37 பாகையில் ஒரு மணித்தியாலம் வைத்தேன். இரு வடிவங்களையும் பிரித்துக் காட்டும் கைரல் கொலத்தில் எஸ் மட்டும்தான் வருகிறது. உயிருள்ள எலியில் ஏறத்தாழ முழுவதும் ஆர் ஆகிவிடும் என்றல்லவா சொல்கிறார்கள்? தம்பலகாமம் பக்கம் வயலுக்கு அடிக்கும், இதே குடும்பக் களைநாசினியான பெனொக்சபுரோப்-பி போத்தலில் உள்ள 'பி' இதோடு தொடர்புள்ளதா என்பதையும் சொல்லுங்கள்.

கொட்டியாரம்:
என்ஏடிபிஎச் ஒட்சியேற்றத்துக்குத்தான் உதவும். இந்த மாற்றம் ஒட்சியேற்றமே இல்லை. அமிலம் முதலில் கோஎன்சைம்-ஏ உடன் தயோஎசுத்தராக (கந்தகம் வழியாகப் பிணைந்த எசுத்தர்) இணைய வேண்டும், அதற்கு ஏடிபியும் மக்னீசியமும் தேவை. அந்த நிலையில்தான் சமச்சீரற்ற காபனிலுள்ள (நான்கு வேறு கூட்டங்கள் பிணைந்த காபன்) ஐதரசன் கழன்று மறுபக்கம் ஒட்டும். பிறகு தயோஎசுத்தர் நீர்ப்பகுப்படைந்து ஆர் அமிலம் வெளியே வரும். பீஎச் 7.4 தாங்கற்கரைசலில் ஏடிபி 5, மக்னீசியம் குளோரைட்டு 10, கோஎன்சைம்-ஏ 0.5 மில்லிமோலர் என்று தொடங்குங்கள்.

இன்னொன்று, இணைக்கும் நொதியம் மைக்ரோசோமில் உண்டு. வடிவத்தைப் புரட்டும் நொதியமோ பெரும்பாலும் இழைமணியிலும் பெரொக்சிசோமிலும் இருக்கிறது. மைக்ரோசோமை மட்டும் பிரித்தெடுத்தால் அதை வீசிவிட்டீர்கள் என்று பொருள். முழு ஈரற் கூழ், அதைவிட நல்லது புதிதாகப் பிரித்த ஈரற்கலங்கள்.

'பி' பற்றி: இந்தக் குடும்பத்தில் அது ஆர் வடிவத்தைக் குறிக்கும். புல்லைக் கொல்வது ஆர்தான். எஸ் பயிரில் செயலற்றது என்பதற்காக விலங்கிலும் அதை நஞ்சில்லை என்று கணக்கிடக் கூடாது, உள்ளே போனதும் அதுவும் ஆர் ஆகிவிடுகிறதே.

உவர்மலை:
கோஎன்சைம்-ஏ சேர்த்த பின் வேறொரு பொறி காத்திருக்கிறது. தயோஎசுத்தரை உடைக்க ஆட்கள் காரம் ஊற்றிச் சூடாக்குவார்கள். அந்த ஐதரசன் காரத்தில் தானாகவே கழலும், எஸ் தானே ஆர் ஆகும், நீங்கள் நொதியத்தின் வேலை என்று எழுதிவிடுவீர்கள். கொதிக்க வைத்த ஈரற் கூழிலும், பூச்சிய நிமிட மாதிரியிலும் தூய எஸ் இட்டு, அதே படிகளை முழுவதும் செய்யுங்கள். அங்கே ஆர் தெரிந்தால் முறைதான் பிழை.

பிரித்தெடுக்கும்போது பீஎச் 2க்கு இறக்கி எதைல் அசற்றேற்றில் எடுங்கள், இல்லாவிட்டால் அமிலம் நீரிலேயே நின்றுவிடும். எக்சேன் 95, ஐசோபுரோப்பனோல் 5, அதில் 0.1 வீதம் முப்புளோரோ அசற்றிக் அமிலம் நல்ல தொடக்கம். அந்த அமிலத்தை விட்டால் உச்சி வால்பிடித்து இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

எசுத்தர் வடிவத்தை எலிக்குக் கொடுப்பதானால் குருதியைப் பனிக்கட்டியில் எடுத்து உடனே அமிலமாக்குங்கள். எலியின் திரவவிழையத்தில் (குருதியின் நீர்ப்பகுதி) எசுத்தரை உடைக்கும் காபொக்சில்எசுத்தரேசு நொதியம் மிக அதிகம், குழாயிலேயே எசுத்தர் தீர்ந்துவிடும். மனிதத் திரவவிழையத்தில் அது இல்லை.

கோணேசபுரி:
நன்றி. வலி மருந்தான இபுபுரோபனில் ஆர்தானே எஸ் ஆகிறது? இங்கே ஏன் தலைகீழ்?

கொட்டியாரம்:
பெயரில் மட்டும்தான் தலைகீழ். அந்தக் காபனில் ஒட்டிய கூட்டங்களை முன்னுரிமைப்படி வரிசைப்படுத்தித்தான் ஆர், எஸ் என்ற எழுத்தைக் கொடுக்கிறார்கள். இபுபுரோபனில் முதல் முன்னுரிமை காபொக்சில் கூட்டத்துக்கு, அடுத்தது வளையத்துக்கு. ஹலோக்சிபொப்பில் வளையத்துக்கு முன் ஒட்சிசன் நிற்பதால் அந்த ஒட்சிசன் முதலிடத்துக்கு வந்துவிடும். முதலிரண்டும் இடம் மாறினால் எழுத்தும் மாறும். வெளியில் பார்த்தால் ஆர்-இபுபுரோபனும் எஸ்-ஹலோக்சிபொப்பும் ஒரே பக்கம் திரும்பியவை. மாதிரிக் குண்டுகளை எடுத்து இரண்டையும் கட்டிப் பாருங்கள்.

உவர்மலை:
வசதியிருந்தால் அந்தச் சமச்சீரற்ற காபனில் ஐதரசனுக்குப் பதில் டியூட்டீரியம் (பாரமான ஐதரசன்) பதித்த எஸ் வாங்குங்கள். வரும் ஆரில் டியூட்டீரியம் போய், வளையமும் மெதைலும் அப்படியே இருந்தால் அந்த இடத்தில்தான் திரும்பியது என்பது உறுதி. கொதித்த கூழையும் பக்கத்தில் வையுங்கள், காரத்திலும் அதே டியூட்டீரியம்தான் கழலும்.