எழுந்ததும் கண் இருட்டுகிறது, மெஷினில் பிபி சரியாக இருக்கிறது

கேள்வி (மயூர் விஹார், தில்லி):
அம்மாவுக்கு 68 வயது. பிபிக்கு அம்லோடிபின், கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை. வெயில் ஏறியதிலிருந்து கட்டிலை விட்டு எழுந்ததும் கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொள்கிறார். உட்காரவைத்துப் பார்த்தால் 118/74. லோ பிபிதானா? உப்பு போட்டு மோர் கொடுக்கலாமா?

பதில் 1:
உட்கார்ந்து பார்த்தால் இது சிக்காது. 5 நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை எடுங்கள். எழுந்து நின்றதும் 1ஆவது நிமிடத்திலும் 3ஆவது நிமிடத்திலும் எடுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், லோ பிபி என்று சொல்லும் 90/60க்கு மேலே இருந்தாலும் நிற்கும்போது பிபி விழுகிறது என்றே அர்த்தம். படுத்து 138/82, நின்று 112/70 என்றால் தனித்தனியே இரண்டிலும் பயம் தெரியாது. ஆனால் 26 இறங்கியிருக்கிறது.

கை தொங்கினால் அளவு கூடிக் காட்டி, இறக்கத்தை மறைத்துவிடும். முழங்கையை நெஞ்சு உயரத்தில் தாங்கிப் பிடியுங்கள். பட்டை கைக்குப் பெரிதாக இருந்தால் குறைத்துக் காட்டும். பல்ஸையும் குறித்துவையுங்கள்: பிபி இறங்கியும் பல்ஸ் ஏறவே இல்லை என்றால் நரம்புக் கோளாறாக இருக்கலாம், குறிப்பாக நாள்பட்ட சர்க்கரைக்காரர்களுக்கு. பின்னால் நாற்காலி போட்டு, பக்கத்திலேயே நில்லுங்கள்.

பதில் 2:
வயதானவர்களுக்குத் தலைசுற்றல் மட்டும்தான் அறிகுறி என்றில்லை. நின்றால் பிடரியும் தோளும் வலித்து, படுத்தால் விட்டுப்போகும். சாப்பிட்ட 2 மணி நேரத்துக்குள் தள்ளாட்டம் வரும். படுக்கையில் புரளும்போதே அறை சுற்றுகிறது என்றால் அது பிபி இல்லாமல் உள்காதுக் கோளாறாக இருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள்.

பதில் 3:
மோரைவிட மாத்திரைச் சீட்டுதான் முக்கியம். அம்லோடிபினே பலருக்குக் கால் வீக்கம் தரும். அந்த வீக்கத்துக்கு நீர் மாத்திரை பெரிதாக உதவாது. அதன்மேல் தில்லி வெயிலும் சேர்ந்தால் உடம்பில் நீர் வற்றும். வீக்கம் எதனால் என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள், எடுத்த அளவுகளையும் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். வீக்கம் இதயத்தாலோ சிறுநீரகத்தாலோ என்றால் உப்பு மோர் கெடுதல், அதனால் கேட்காமல் கொடுக்க வேண்டாம். அதுவரை கட்டில் விளிம்பில் 2 நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழச் சொல்லுங்கள்.

கை ஜில்லென்று வியர்ப்பது, பேச்சு குழறுவது, நெஞ்சுவலி, கறுப்பு மலம், மயங்கி விழுவது: இதில் எது வந்தாலும் மெஷினைத் தேடாமல் 112ஐக் கூப்பிடுங்கள்.