சிவப்பு எழுத்து ஏன் கலங்குது? அனிமேஷனுக்கு எந்தக் கோடெக் (வீடியோவை அமுக்குற முறை), என்ன செட்டிங்?

கோட்டோவியன்: பிளெண்டர்ல 2டி விளக்க அனிமேஷன். கருநீலப் பின்னணி, அது மேல மெல்லிசா சிவப்பு எழுத்து. ரெண்டர் விண்டோவுல பளிச்சுன்னு இருக்கு, எம்பி4 ஆனதும் ஓரமெல்லாம் கலங்கிடுது. நீலம் மெதுவா வெளுக்கிற இடத்துல பட்டை பட்டையா வேற தெரியுது. எச்.264 கோடெக், 1080பி, 4:2:0 (நிறத்தைக் குறைச்சு வைக்கிற முறை), சிஆர்எஃப் 18 (தர எண், இறங்க இறங்கத் தரம் கூடும்). சிஆர்எஃப்பை இன்னும் எவ்வளவு இறக்கணும்?

ரெண்டர்ராசா: சிஆர்எஃப் 0 போடுங்க பாஸ், லாஸ்லெஸ், அமுக்கும்போது ஒண்ணும் இழக்காது. என்கோடரோட டியூன் செட்டிங்ல அனிமேஷன். கதை முடிஞ்சது. ஃபிளாட் கலருக்கு ஃபைலும் பெருசா ஊதாது.

நாலுநாலுநாலு: முடியல ராசா. நீங்க சொல்ற லாஸ்லெஸ், 4:2:0வுக்கு மாத்தின பிறகு நடக்கிறது. 1920×1080 படத்துல வெளிச்சம் மட்டும்தான் முழுசா போகுது, நிறம் 960×540தான். நாலு பிக்சலுக்கு ஒரே நிறம். சிவப்புக்கும் கருநீலத்துக்கும் வெளிச்சத்துல பெரிய வித்தியாசம் இல்ல, எழுத்தைப் பிரிச்சுக் காட்டுறதே நிறம்தான். அதையே குறைச்சா ஓரம் கலங்காம என்ன செய்யும்? அதே இடத்துல வெள்ளை எழுத்தை வெச்சுப் பாருங்க, சிஆர்எஃப் 18லயே சுத்தமா நிக்கும்.

பட்டை வேற கேஸ். 8 பிட்ல சேனலுக்கு 256 படி. கருநீலம் கொஞ்சம் வெளுக்கிறதுக்குள்ள 30 படி கிடைச்சா, 1080 வரிசையில ஒவ்வொரு படியும் 36 வரிசை அகலத்துக்குப் பட்டையாத்தான் விழும்.

16 பிட் பிஎன்ஜி சீக்வென்ஸா (ஃபிரேமுக்கு ஒரு படம்) ரெண்டர் பண்ணுங்க. அதுல இருந்து புரோரெஸ் 4444ல (நிறத்தைக் குறைக்காத எடிட்டிங் கோடெக்) மாஸ்டர், அதாவது மூலக் காப்பி.

ரெண்டர்ராசா: பார்க்கிறவன் மாஸ்டரையா பார்க்கப் போறான்? யூடியூப் திரும்ப 4:2:0வுக்குத்தான் அமுக்கும், வாட்ஸப் அதைவிட மோசம். கலங்கப் போற வீடியோவுக்கு டிஸ்கை ஏன் நிரப்பணும்? 4:4:4ல (நிறத்தைக் குறைக்காம) எச்.264 குடுத்தா ஃபோன் டிகோடர் கையை விரிச்சிடும்.

நாலுநாலுநாலு: ஃபோன் பேச்சை நீங்களே எடுத்தது நல்லதாப் போச்சு. எக்ஸ்264ல (எச்.264 எழுதுற என்கோடர்) சிஆர்எஃப் 0 போட்டா, 4:2:0வா இருந்தாலும் ஸ்ட்ரீம் ஹை 4:4:4 பிரெடிக்டிவ் புரொஃபைலுக்குத்தான் போகும். உங்க வைத்தியமும் அதே ஃபோன்ல ஓடாது.

நள்ளிரவுரெண்டர்: டிஸ்க் கணக்கு: 8 பிட்ல அமுக்காத 1080பி ஃபிரேம் 6.2 எம்பி. ஃபிளாட் கலர் பிஎன்ஜி அதுல சின்னப் பங்குதான். அதைவிட முக்கியம், எம்பி4 தன்னோட அட்டவணையைக் கடைசியிலதான் எழுதும். நடுவுல கரண்ட் போச்சுன்னா ஃபைல் திறக்காது. பிஎன்ஜின்னா விட்ட ஃபிரேம்ல இருந்து தொடரலாம்.

ரெண்டர்ராசா: சரி, பிஎன்ஜி எடுங்க, அதுக்கு நான் குறுக்க நிக்கல. ஆனா மாஸ்டரால பார்வையாளனுக்கு ஒரு மண்ணும் மாறாது. டிசைனை மாத்துங்க. எழுத்தைத் தடிமனாக்குங்க, சிவப்பை ஆரஞ்சுப் பக்கம் தள்ளுங்க, 4கேல ஏத்துங்க.

நள்ளிரவுரெண்டர்: ஆரஞ்சு இலவசமாவே கிடைக்கும் 😄 பிஎன்ஜில இருந்து எஃப்எஃப்எம்பெக்ல (வீடியோ மாத்துற மென்பொருள்) மாத்தும்போது பிடி.709னு (எச்டி வீடியோவோட நிறக் கணக்கு) சொல்லாம விட்டா அது 601 கணக்குல (பழைய எஸ்டி வீடியோவோடது) மாத்திடும். பிளேயர் 709னு நினைச்சுக் காட்டும்போது சுத்தச் சிவப்பு லேசா ஆரஞ்சாத் தெரியும்.

நாலுநாலுநாலு: 4கே சரி. நிறமே 1920×1080 வந்துடும். ஆனா 2160பி தேர்ந்தெடுத்துப் பார்க்கிறவருக்குத்தான் அந்தப் பலன். கிளையண்ட் குடுத்த பிராண்ட் சிவப்பைக் கோடெக்குக்காக மாத்துறதை நான் ஒத்துக்க மாட்டேன்.

கோட்டோவியன்: டிதர் ஏத்தினேன், 8 பிட் பிஎன்ஜில பட்டை போயிடுச்சு. எக்ஸ்264ல போட்டதும் திரும்ப வந்துடுது.

நாலுநாலுநாலு: டிதர் மெல்லிசான இரைச்சல். என்கோடர் அதை வேண்டாததுன்னு வழிச்சுப் போட்டுடும். முதல்ல டியூன் அனிமேஷனை நீக்குங்க. அது ஏக்யூ (எந்தப் பகுதிக்கு எவ்வளவு பிட்னு பிரிக்கிறது) பலத்தை 1.0ல இருந்து 0.6க்கு இறக்கும், டிபிளாக்கிங்கை (கட்டம் தெரியாம மழுப்புறது) ஏத்தும். தட்டையான கார்ட்டூனுக்கு அது போதும், வெளுக்கிற நீலத்துக்கு ஆகாது. ஏக்யூ மோட் 3 போட்டா இருட்டுப் பகுதிக்குக் கூடுதல் பிட் ஒதுக்கும். சிஆர்எஃப் 14, இல்ல 15.

ரெண்டர்ராசா: ஆக, கடைசியில சிஆர்எஃப்பை இறக்கச் சொல்லிட்டீங்க.

நாலுநாலுநாலு: பட்டைக்கு. எழுத்துக்கு இல்ல.