கார்ப்பே தியெம்: 'நாட்கொய்தல்' என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

'கார்ப்பே தியெம்' என்ற லத்தீன் தொடரைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று கேட்ட இந்த இழையில் இதுவரை வந்த சொற்கள் மூன்று: 'இன்றைக் கைப்பற்று', 'இக்கணம் வாழ்', 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்'. முதல் இரண்டும் ஆங்கிலத்தில் அந்தத் தொடர் புழங்கும் விதத்தைப் பார்த்து வந்தவை. மூலத்தைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது.

ரோமானியக் கவிஞர் ஹோரஸ் கி.மு. 23 வாக்கில் வெளியிட்ட பாடல் தொகுதியில், முதல் புத்தகத்தின் 11ஆம் பாட்டு இது. எட்டே வரிகள். லியூகோனோயி என்ற பெண்ணிடம் பேசுவதாக அமைந்தது. எனக்கும் உனக்கும் முடிவு எப்போது என்று தேடாதே, பாபிலோனியர் கணக்குகளைப் போட்டுப் பார்க்காதே என்று தொடங்குகிறது. பாபிலோனியர் கணக்கு என்றால் சோதிடம்தான். ஜாதகக் கட்டத்தை விரித்து வைத்துக்கொண்டு ஆயுள் பார்க்கிற வேலை. வெளியே குளிர்காலம், கடல் பாறைகளில் மோதி ஓய்ந்துகொண்டிருக்கிறது. இதுதான் கடைசிக் குளிர்காலமோ, இன்னும் பல உண்டோ, தெரியாது. நீ திராட்சை மதுவை வடிகட்டு, நீண்ட ஆசையைச் சின்ன அளவுக்கு வெட்டிக்கொள் என்கிறார். நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே பொறாமை பிடித்த காலம் ஓடியிருக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் 'கார்ப்பே தியெம்' வருகிறது. அதோடும் நிற்கவில்லை, அடுத்த நாளை முடிந்த அளவு குறைவாக நம்பு என்று முடிக்கிறார்.

மதுவின் அடிக்கசடை வடிகட்டுவது வீட்டு வேலை. ஆசையை வெட்டுவதற்கு அவர் போட்ட வினை, கொடியைக் கவாத்து செய்வதற்கும் ஆகிவரும். 'கார்ப்பே' பழம், பூ பறிப்பதற்குரிய சொல். ஆடு புல்லைக் கறிப்பதற்கும் அதுவே. ஆக, பாட்டின் கடைசிப் பகுதியில் வருபவை வீட்டிலும் தோட்டத்திலும் கை செய்யும் அசைவுகள்தான். 'கைப்பற்று' என்றால் கோட்டையைப் பிடிக்கிற தோரணை வந்துவிடுகிறது. அது எனக்கு உறுத்துகிறது.

எங்கள் மொட்டைமாடியில் மூன்று தொட்டி மல்லி இருக்கிறது. விடியும்போது போனால், இன்று சாயங்காலம் விரியப்போகிற அரும்பு எது என்று பார்த்தாலே தெரியும்: வெள்ளையாக, நுனி பருத்து, காம்போடு லேசாக ஒடிந்து வரும். பச்சை ஓடியதைப் பறித்தால் விரியாமலே வாடிவிடும். விட்டுவிட்டால் செடியிலேயே மலர்ந்து, மறுநாள் தரையில் கிடக்கும். பறிப்பதில் அவசரம் இல்லை, ஆனால் ஒத்திப்போடவும் முடியாது. ஹோரஸ் சொன்னது இந்த மாதிரிச் செயலைத்தான் என்று நினைக்கிறேன்.

பழமொழிக்கு வருகிறேன். 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' களத்துமேட்டில் பிறந்த அருமையான வாக்கு. ஆனால் இன்று அதை வாய்ப்பு இருக்கும்போதே சம்பாதித்துக்கொள் என்றுதான் சொல்கிறோம். ஹோரஸிடம் சேர்த்து வைக்கிற எண்ணமே கிடையாது. 'நெருநல் உளனொருவன் இன்றில்லை' குறளை ஒருவர் நினைவூட்டியிருந்தார். நிலையாமை என்ற உணர்வு இரண்டுக்கும் பொது. ஆனால் குறள் அதைத் துறவறவியலில் வைத்துப் பேசுகிறது. ஹோரஸ் அதைச் சொல்லி மதுவை வடிகட்டச் சொல்கிறார்.

சரி, சொல்லுக்கு வருவோம். 'பறி' எல்லோருக்கும் தெரிந்த வினை, ஆனால் வழிப்பறி கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. 'கொய்' நல்லது. தினை கொய்தல், மலர் கொய்தல் என்று பழைய ஆட்சி உண்டு. தலை கொய்தலும் உண்டுதான். பூவோடும் பழத்தோடும் வரும்போது அது யாருக்கும் நினைவுக்கு வராது.

அடுத்தது 'தியெம்', அதாவது 'நாளை' என்ற இரண்டாம் வேற்றுமை. இங்கேதான் தமிழில் ஒரு பெரிய பள்ளம். 'நாளைக் கொய்' என்று எழுதினால், காதில் விழுவது 'நாளைக்குப் பறித்துக்கொள்'. ஹோரஸ் எதை வேண்டாம் என்றாரோ அதையே சொன்னதாகிவிடும்! ஒற்று மிகுவதை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லலாம். பேச்சில் அது நிற்காது.

அதனால் இரண்டாகப் பிரிக்கலாம் என்பது என் யோசனை. அறிவுரையாகச் சொல்லும் இடத்தில் 'இன்றைக் கொய்'. அடுத்த நாளை நம்பாதே என்று அதே வரியில் இருப்பதால், 'நாள்' என்பதை 'இன்று' ஆக்குவது மூலத்துக்கு மாறானதல்ல. இலக்கியத் திறனாய்வில் பாடுபொருளின் பெயராக 'நாட்கொய்தல்'. நாள் + காட்டி நாட்காட்டி ஆனதுபோல, இங்கே வேற்றுமை உருபு வெளியே தெரியாததால் 'நாளை' என்ற குழப்பம் இல்லை. அன்று மலர்ந்த பூவை நாண்மலர் என்று சொன்ன மொழிக்கு இந்தச் சேர்க்கை அந்நியமாக இருக்காது. "பறிக்காவிட்டால் பூ தானே உதிர்ந்து விழும் என்று ரோமானியக் கவிஞர் ஓவிட் பாடியதும் நாட்கொய்தல் வகைதான்" என்று எழுதிப் பார்த்தேன், தடையில்லாமல் ஓடியது.

ஒரு தயக்கம் மட்டும் இருக்கிறது. நாட்கூலி போல, 'தினமும் கொய்தல்' என்று யாராவது படித்துவிடுவார்களோ? உங்கள் கட்டுரைகளில் ஓரிரு வாக்கியங்களில் இதைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இடறினால் 'இன்றுகொய்தல்' என்று மாற்றிக்கொள்ளலாம்.